பிள்ளையின் கையில் வாள் இருந்தால் பெற்றோரைப் பிடிப்பதா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், ஆனால் முழுவதும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கேயாவது ஒரு வாள்வெட்டு நடந்தால் அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் பேஸ்புக்கில் இரண்டு கூட்டம் எழும்பும். ஒரு கூட்டம், "பெத்ததுகளைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுங்கோ, அப்பதான் திருந்துவாங்கள்" என்று எழுதும். மற்றக் கூட்டம், "தாய் தகப்பன் என்ன செய்யும், இந்தக் காலத்துப் பிள்ளையள் சொல்லுக் கேட்குதுகளே" என்று எழுதும். இரண்டு நாள் சண்டை நடக்கும். மூன்றாம் நாள் ஒரு திருவிழாப் படமோ கிரிக்கெட் மட்சோ வந்துவிடும். வெட்டுப்பட்டவர் மட்டும் போதனா வைத்தியசாலையில் கிடப்பார்.

இரண்டு கூட்டமும் பிழை என்பதுதான் எங்கள் கட்சி. முதல் கூட்டம் சொல்வது அநியாயம். இரண்டாவது கூட்டம் சொல்வது தப்பித்தல்.

முதலில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். எங்கள் ஆட்கள் அடிக்கடி உதாரணம் காட்டுவது அதைத்தான், பிழையாகவும் காட்டுகிறார்கள்.

2021 நவம்பர் 30. மிச்சிகன் மாநிலத்தில் ஒக்ஸ்போர்ட் உயர்நிலைப் பாடசாலையில் 15 வயது மாணவன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை. பிறகு தாய் ஜெனிபர் குரம்ப்ளி, தகப்பன் ஜேம்ஸ் குரம்ப்ளி இருவரையும் தனித்தனியாக விசாரித்து, 2024 இல் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தார்கள். ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து வருடச் சிறை. ஒரு பாடசாலைப் படுகொலைக்காகக் கொலைக்குற்றத்தில் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை.

"பார்த்தீர்களா, அங்கே பெற்றோரை உள்ளே போட்டான்" என்று இங்கே எழுதுகிறார்கள். எதற்காகப் போட்டான் என்று எழுதுவதில்லை.

அந்தத் துப்பாக்கியைத் தகப்பன் வாங்கியது சம்பவத்துக்கு நான்கே நாளுக்கு முன்னர். அடுத்த நாள் தாய் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டுப் பழக வைத்தார். சம்பவ நாள் காலையில் கணிதத் தாளில் துப்பாக்கியும் இரத்தமும் வரைந்திருந்தான் என்று பாடசாலை பெற்றோரை அழைத்தது. இருவரும் வந்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை, வேலைக்குத் திரும்பினார்கள். பாடசாலைக்காரரும் அவனது பையைத் திறந்து பார்க்காமல் வகுப்புக்கு அனுப்பினார்கள். துப்பாக்கி அந்தப் பைக்குள்தான் இருந்தது.

ஆக, அவர்கள் தண்டிக்கப்பட்டது ஒரு கொலைகாரனைப் பெற்றதற்காக இல்லை. ஆயுதத்தைக் கொடுத்தார்கள், அடையாளம் கண்முன்னே வந்தபோதும் தடுக்கவில்லை. அவர்களுடைய சொந்தச் செயலுக்கும் சொந்த அசட்டைக்கும்தான் தண்டனை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சம் எல்லாம் இதில்தான் நிற்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

எங்கள் வீடுகளில் துப்பாக்கி இல்லை. யுத்தத்தோடு அது போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்த இடத்துக்கு வாள் வந்தது. "ஆவா" என்ற பெயரை நாங்கள் கேட்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டிச் சந்தியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சில நாட்களில் சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வு உத்தியோகத்தர்கள் வெட்டப்பட்டார்கள். அதற்கு உரிமை கோரி அந்தப் பெயரில் துண்டுப்பிரசுரம் வந்தது. 2017 இல் கொக்குவிலில் மீண்டும் பொலிஸார் மீது வெட்டு. 2024 மார்ச்சில் பொன்னாலைப் பகுதியில் மனைவியோடு வந்துகொண்டிருந்த இளம் குடும்பத்தவர் ஒருவர் கடத்தப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார். இதற்குள் எத்தனை கடை உடைப்பு, எத்தனை வீட்டுக் கேற் உடைப்பு, எத்தனை மோட்டார் சைக்கிள் எரிப்பு என்பது அந்தந்த ஒழுங்கைக்காரருக்குத் தெரியும்.

இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், யார் வளர்த்தார்கள் என்று அரசியல் கதை ஆயிரம் இருக்கிறது. அமைச்சர் ஒருவரே குற்றம் சாட்டினார். அந்தக் கதையில் உண்மை இருக்கலாம். ஆனால் யார் வளர்த்தாலும் அந்தப் பெடியன் இரவு படுப்பது ஒரு வீட்டில். அவனது சேட்டைத் தோய்ப்பது ஒரு கை. அவனது மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்டுவது ஒருவரின் காசு.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. முன்னர் இது 8 வயதாக இருந்தது, 2018 இல் திருத்தினார்கள். 12 க்கும் 14 க்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார். அதற்கு மேல் அவனே பொறுப்பு. சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் என்று 1939 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோரை நீதிமன்றத்துக்கு அழைக்கவும், பிள்ளைக்கு விதித்த அபராதத்தைப் பெற்றோரைக் கட்டச் சொல்லவும் அதில் இடம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் குறித்த வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் வாளோடு பிடிபடுபவர்களில் பெரும்பகுதி அந்த வயதைத் தாண்டியவர்கள். 18 வயதுக்குப் பிறகு சட்டத்தின் முன் அவன் முழு மனிதன். 22 வயதுக்காரன் வெட்டினால் 55 வயதுத் தகப்பனைப் பிடி என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. இருக்கவும் கூடாது.

ஏன் கூடாது என்று எங்களைக் கேளுங்கள். இந்த மண்ணில் அதற்குப் பதில் சொல்லும் தகுதி யாருக்காவது இருந்தால் எங்களுக்கு இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30. சோனகதெருவில் இருந்த எங்கள் வாப்பாமாரை ஒஸ்மானியாவுக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். யாரோ சிலர் என்னவோ செய்ததாகச் சொல்லப்பட்டது. தண்டனை எல்லோருக்கும். தொட்டில் பிள்ளைக்கும் தண்டனை. வடக்கு முழுவதும் சுமார் 75,000 பேர் அப்படிப் போனோம். எங்கள் வயதுக்காரர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் எழுத்துப் படித்தவர்கள்.

எங்கள் தமிழ்ச் சகோதரர்களுக்கும் இது புதிதில்லை. சுற்றிவளைப்பில் பெடியன் அகப்படாவிட்டால் தகப்பனை ஏற்றிக்கொண்டு போன காலம் உங்களுக்கு மறந்திருக்காது. ஓடிப்போன பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் இன்னொருவரைப் பிடித்து வைத்த காலமும் மறந்திருக்காது. ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பும் அதைச் செய்தது.

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு என்ன நடந்தது? உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அந்தப் பாவிகள் செய்த கொலைக்கு நாடு முழுவதும் எங்கள் வீடுகளில் தேடுதல். சமையல் கத்தியும் அரபு எழுத்துள்ள புத்தகமும் சந்தேகப் பொருளாகின. அதே வழக்கில்தான் குண்டு வெடிக்கவைத்த இரண்டு சகோதரர்களின் தகப்பன், கொழும்பின் பெரிய வர்த்தகர், கைதாகி நீண்ட காலம் விளக்கமறியலில் இருந்தார். அவர் விடயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மக்கள் செய்யப்போவது அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் மறைத்தாரா? தெரிந்திருந்தால் தண்டிக்கட்டும். தெரியாது என்றால், அவர்களைப் பெற்றார் என்பது மட்டும் ஒருபோதும் குற்றமாகாது. தெரியாத சனத்தின் வீட்டுக் கத்தியைத் தேடியது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

ஒருவர் பாவத்தை இன்னொருவர் தலையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கத்தின் அடிப்படை. மற்றச் சமயங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே "பெத்தவளைப் பிடி" என்று எழுதும் தம்பிமாரே, தங்கைமாரே, எங்களை இந்த ஊரைவிட்டு அனுப்பியதும் இதே நியாயம்தான். அதை இன்னொரு தடவை கையில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் பிடிக்கச் சொல்லும் அந்தத் தாய் யார்? பல வீடுகளில் அவள் கணவனை யுத்தத்தில் இழந்தவள், அல்லது கணவன் வெளிநாட்டில். விடிய ஐந்து மணிக்குக் கார்மென்ற்ஸ் பஸ் ஏறி இருட்டினபிறகு வந்து சேருபவள். நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை படலையில் நிற்பான். பெடியனை வளர்த்தது அம்மம்மாவும் கைபேசியும். அவளை ஆறு மாதம் உள்ளே போட்டால் இரண்டாவது பெடியனும் தெருவுக்கு வருவான். அவளுக்கு அபராதம் போட்டால் அதைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பாள். இது திருத்தமா?

இவ்வளவும் முதல் கூட்டத்துக்கு. இனி இரண்டாவது கூட்டத்துக்கு.

"தாய் தகப்பன் என்ன செய்யும்" என்கிறீர்கள். சரி, தாய் தகப்பன் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓ.எல். எழுதிப் பெறுபேறு வரமுன்னமே பெடியனுக்கு மோட்டார் சைக்கிள். லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாத ஒருவரை வாகனம் ஓட விட்டால் உரிமையாளரும் குற்றவாளி என்று மோட்டார் வாகனச் சட்டம் இன்றைக்கும் சொல்கிறது. அது தகப்பனுக்குத் தெரியும். "கேட்டுச் சாப்பிடாமல் கிடந்தான், வாங்கிக் குடுத்திட்டன்." வாள் தனியாக நடந்து வந்து வெட்டுவதில்லை. மூன்று மோட்டார் சைக்கிளில் ஆறு பேர் வந்துதான் வெட்டுகிறார்கள். இலக்கத்தகட்டை மறைத்த அந்த மோட்டார் சைக்கிளின் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டிப் படம் போடுகிறான். ரிக்ரொக்கில் பின்னணிப் பாட்டோடு வருகிறது. மாமி பார்த்தா, பெரியம்மா பார்த்தா, லண்டனில் இருக்கும் சித்தப்பா இதயம் போட்டார். அந்த வாள் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டறைக்காரன் எதற்காக அடித்துக்கொடுத்தான் என்றும் கேட்கவில்லை.

வெட்டிவிட்டு வருகிறான். சேட்டில் இரத்தம். சேட்டு இரவோடிரவாகத் தோய்க்கப்படுகிறது, வாள் கிணற்றுக்குள் போகிறது, பெடியன் வன்னியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறான். பிறகு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிக் கடல் கடந்தும் போகிறான். வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு யாரோ வந்து, "வழக்கை இழுக்காதேங்கோ, இன்னும் இரண்டு பிள்ளையள் இருக்குதுகள் தானே" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் "பிள்ளை சொல்லுக் கேட்காததா"? இது பெற்றோர் தாங்களே செய்தது. இதைச் செய்யப் பிள்ளை அவர்கள் கழுத்தில் வாள் வைக்கவில்லை. குற்றத்தின் தடயத்தை அழிப்பது குற்றம். குற்றவாளியை ஒளித்து வைப்பது குற்றம். சாட்சியை மிரட்டுவது 2015 ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே பாரதூரமான குற்றம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைப் பெற்றோர் என்று பார்க்காமல் பாவித்தால் போதும்.

இந்தியாவில் 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 18 வயதுக்குக் குறைந்தவர் வாகனம் ஓடிக் குற்றம் நடந்தால் பாதுகாவலருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபா அபராதமும் என்று வைத்தார்கள். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றேன் என்று நிரூபித்தால் தப்பலாம். 2024 மே மாதம் பூனேயில் 17 வயதுப் பணக்காரப் பெடியன் ஓடிய போர்ஷே கார் மோதி இரண்டு பொறியியலாளர்கள் இறந்தபோது தகப்பனும் கைதானார். பெடியனின் இரத்த மாதிரியையே மாற்ற ஏற்பாடு செய்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. எங்கள் ஊரில் இரத்தச் சேட்டுத் தோய்ப்பதும் அந்த வகைதான். அங்கே கோடி, இங்கே சோப்புக் கட்டி.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எங்களிடம் சில பெற்றோர் கேட்டும் இருக்கிறார்கள்: "பிள்ளையைப் பொலிஸில் குடுத்தால் உயிரோட வருவானா சேர்?"

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்த இளைஞன் இறந்ததை இந்தக் குடாநாடே பார்த்தது. பொலிஸார் சிலர் அந்த வழக்கில் கைதானார்கள். அப்படியான பொலிஸை வைத்துக்கொண்டு, "பெற்றோரே, பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள்" என்று கேட்பதற்கு அரசாங்கத்துக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கவேண்டும். காவலில் அடிப்பதை நிறுத்தாதவரை தாய்மார் ஒளிக்கத்தான் செய்வார்கள். இந்தப் பங்கு பொலிஸினுடையது. அதைப் பெற்றோர் தலையில் கட்டக் கூடாது.

ஆனால் ஒளிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதும் பொய். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் போட்டு நேரே நீதவான் முன்னால் பிள்ளையை நிறுத்தலாம். பொலிஸ் நிலையத்துக்குள் போகாமலே செய்யலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் முன்கூட்டியே அறிவிக்கலாம். ஏஜென்சிக்குக் கட்டும் காசில் எத்தனையோ சட்டத்தரணிகளைப் பிடிக்கலாம். ஆகவே பயம் உண்மைதான், ஆனால் எல்லோரும் பயத்தால் மட்டும் ஒளிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வியர்வை எங்களுக்குத் தெரியும். பனியில் நின்று உழைத்து அனுப்புகிறீர்கள். ஆனால் 17 வயது மருமகனுக்கு நீங்கள் அனுப்பும் காசுக்குக் கணக்குக் கேளுங்கள். படிப்புக்கு என்றால் வகுப்பு நடத்துபவரிடம் கேளுங்கள், வருகிறானா என்று. பிணை எடுக்க மூன்றாவது தடவையும் காசு கேட்டு அழைப்பு வந்தால், முதல் இரண்டு தடவையும் எதற்கு என்று கேளுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?

பாடசாலைக்கும் சொல்லவேண்டும், அது எங்கள் சொந்தத் துறை. 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் விதி இருக்கிறது. பிள்ளையை அனுப்பாத பெற்றோர் மீது நடவடிக்கை எடுக்கலாம். இதுவும் பெற்றோரின் சட்டப்பொறுப்புத்தான், யாருக்கும் நினைவில்லை. ஒன்பதாம் வகுப்பில் வரவு குறையத் தொடங்கும் பெடியனைப் பதினைந்து வயதில் பிடித்தால் திருத்தலாம். பெறுபேற்று வீதம் கூடும் என்று அவன் இடைவிலகுவதைப் பார்த்துச் சந்தோசப்படும் பாடசாலைகள் இருக்கின்றன. பெயர் சொல்லத் தேவையில்லை, வாசிக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒக்ஸ்போர்ட் பாடசாலை திறந்து பார்க்காத பையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எங்கள் கோரிக்கை இவ்வளவும்தான்:

1. பெற்றோர் என்ற உறவுக்காக ஒருவரையும் கைது செய்யவோ, ஊர் விலக்கு வைக்கவோ, பேஸ்புக்கில் படம் போட்டு அவமானப்படுத்தவோ வேண்டாம். அந்த வீட்டுச் சகோதரிக்கு நாளைக்குக் கலியாணம் பேசவேண்டும்.

2. வாகனம் கொடுத்த, தடயம் அழித்த, ஒளித்த, சாட்சியை மிரட்டிய பெற்றோரை, மற்ற எவரையும் போல வழக்கில் சேர்க்க வேண்டும். பணக்காரத் தகப்பன் என்றாலும், சங்கத் தலைவர் என்றாலும், பள்ளிவாசல் நிர்வாகி என்றாலும், கோயில் தர்மகர்த்தா என்றாலும் சரி.

3. வாள் அடித்துக்கொடுக்கும் பட்டறையை விட்டுவிட்டுத் தாயைத் தேடாதீர்கள்.

4. பிள்ளை கைமீறிப் போகிறான் என்று தானாக முன்வந்து சொல்லும் தாய்க்கு உதவி கிடைக்க வேண்டும். கிராம சேவையாளர், நன்னடத்தை அலுவலர், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் எல்லாம் இருக்கின்றன. அங்கே போனவள் திட்டு வாங்கி வரக்கூடாது. அச்சுவேலிச் சான்றுபெற்ற பாடசாலைக்குப் பெடியனை அனுப்பிவிட்டால் கைகழுவியாயிற்று என்று அலுவலர்கள் நினைக்கவும் கூடாது.

5. குத்பாவிலும் கோயில் கூட்டத்திலும் தேவாலயத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். "எங்கட ஆக்கள் இல்லை, அவங்கட ஆக்கள்தான்" என்ற கதையை விடவேண்டும். வாளுக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை.

பிள்ளை அமானிதம் என்று நாங்கள் சொல்வோம். அல்லாஹ் எங்களிடம் பார்த்துக்கொள்ளத் தந்த பொருள். அமானிதம் தொலைந்ததற்காக ஒருவரைக் கள்ளன் என்று சொல்ல முடியாது. காவல் இருந்தானா, கதவைத் திறந்து கொடுத்தானா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை மறுமைக்குத் தள்ளி வைக்காமல் இன்றைக்கே ஒவ்வொரு வீட்டிலும் கேட்போம். பெடியன் இரவு எங்கே போகிறான், யாருடைய மோட்டார் சைக்கிள் அது, அலுமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இன்றிரவே பாருங்கள்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள். வஸ்ஸலாம்.